மீளழைப்பும் காத்திருப்பும்: ஐக்கிய அமெரிக்க மோட்டார் வாகனப் பாதுகாப்புச் சட்டம் - ஒரு வரலாற்று நோக்கு

விற்ற பொருளோடு விற்றவனுக்குள்ள தொடர்பு பணம் கைமாறியதும் அற்றுவிடுகின்றது என்பதே வணிக உலகு நெடுங்காலமாகக் கொண்டிருந்த கருத்தாகும். பழுதுள்ள பொருளை வாங்கியவன் தன் அவதானக் குறைவையே நொந்துகொள்ள வேண்டியிருந்தது. விற்பனை முடிந்து ஆண்டுகள் பல சென்ற பின்னரும், பொருளிலே உயிராபத்தான குறைபாடு காணப்படுமாயின், உற்பத்தியாளன் அதனை மீள அழைத்துத் தன் செலவிலேயே திருத்திக் கொடுக்கக் கடமைப்பட்டவன் என்னும் கொள்கை இருபதாம் நூற்றாண்டின் பிற்பாதியிலேதான் சட்ட வடிவம் பெற்றது. அதற்குக் களமாயமைந்தது ஐக்கிய அமெரிக்காவின் மோட்டார் வாகனக் கைத்தொழிலாகும். இந்த வரலாறு பெரும்பாலும் நுகர்வோர் உரிமையின் வெற்றி வரலாறாகவே எழுதப்பட்டு வந்துள்ளது. அது பிழையன்று. ஆயினும், அபாயத்தை அறிவிக்கும் கடிதம் உரிமையாளரின் கைக்குக் கிட்டிய நாளுக்கும் பழுது திருத்தப்பட்ட நாளுக்கும் இடையிலே கிடந்த காலத்தைப் பற்றி அவ்வரலாறு அதிகம் பேசுவதில்லை. அவ்விடைக்காலத்தில் வாகனத்தை ஓட்டியவர் யார், எதை நம்பி ஓட்டினார், ஓட்டுமாறு அவரை விட்டவர் யார் என்னும் வினாக்களோடு நோக்கும்போது மீளழைப்புச் சட்டத்தின் வரலாறு வேறொரு தோற்றத்தைப் பெறுகின்றது.

1965 ஆம் ஆண்டின் இறுதியில் ரால்ப் நேடர் என்னும் இளம் சட்டத்தரணி அமெரிக்க மோட்டார் வாகனங்களின் அமைப்பிலேயே பொதிந்திருந்த அபாயங்களைச் சுட்டிக்காட்டி நூலொன்றை வெளியிட்டார். ஜெனரல் மோட்டர்ஸ் நிறுவனம் அவருடைய தனி வாழ்வை ஆராயத் துப்பறிவோரை அமர்த்தியது வெளிவரவே, 1966 மார்ச்சில் அந்நிறுவனத் தலைவர் ஜேம்ஸ் ரோச் செனற் சபை உபகுழுவொன்றின் முன் தோன்றி மன்னிப்புக் கோர நேர்ந்தது. அவ்வாண்டு செப்ரெம்பர் 9 ஆந் திகதி சனாதிபதி ஜோன்சன் மோட்டார் வாகனப் பாதுகாப்புச் சட்டத்திற் கையொப்பமிட்டார். இச்சட்டம் எதனைச் செய்தது, எதனைச் செய்யாது விட்டது என்பது நுணுகி நோக்கற்பாலது. குறைபாடு கண்டவிடத்து உற்பத்தியாளர் அதனைப் பதிவுத் தபால் மூலம் அறிவிக்க வேண்டும் என்றே அது விதித்தது. பழுதை இலவசமாகத் திருத்திக் கொடுக்க வேண்டுமென அது கூறவில்லை. அறிவித்தலும் முதன்மையாக வாகனத்தை முதன்முதல் வாங்கியவருக்கே உரியதாயிருந்தது. இரண்டாங் கையாக வாங்கியவர் சட்டத்தின் பார்வையிற் பெரும்பாலும் படவில்லை. அவருடைய கதை இவ்வரலாற்றின் இறுதி வரை தொடர்வதாகும்.

இலவசத் திருத்தம் சட்டக் கடமையாயது 1974 ஆம் ஆண்டுத் திருத்தச் சட்டத்தின் வழியாகவே. உற்பத்தியாளர் பழுதைத் திருத்த வேண்டும், அல்லது வாகனத்தை மாற்றித் தர வேண்டும், அல்லது பணத்தை மீளக் கொடுக்க வேண்டும் என்றாயிற்று. திருத்துதற்குரிய காலம் 'நியாயமான காலம்' என வரையறுக்கப்பட்டது. வாகனம் ஒப்படைக்கப்பட்டு 60 நாட்களுள் செவ்வனே திருத்தப்படாவிடின் அதுவே கடமை தவறியமைக்கு முதல்நோக்குச் சான்றாகும் என்னும் விதியும் உண்டு. ஏட்டளவில் இது வலுவான பாதுகாப்பாகும். ஆனால் தகுந்த காரணங் காட்டி அக்காலத்தை நீட்டிக்கொள்ளவும் வழி வைக்கப்பட்டது. அன்றியும், உதிரிப்பாகம் வந்த பின்னர் வாகனத்தைக் கொண்டுவருமாறு விற்பனை முகவர் தொலைபேசியிற் கூறிவிடுவாராயின் உரிமையாளர் வாகனத்தை ஒப்படைப்பதே நிகழாது. அறுபது நாள் எண்ணத் தொடங்குவதுமில்லை.

காத்திருப்புக் காலத்தின் பொருள் நீதிமன்றமொன்றில் நேரடியாக ஆராயப்பட்டது ஒரு முறைதான் எனலாம். போர்ட் நிறுவனத்தின் பின்ரோ என்னும் சிறிய கார், பின்னிருந்து மோதப்படும்போது எரிபொருள் தாங்கி உடைந்து தீப்பற்றும் இயல்புடையதென்ற குற்றச்சாட்டு வலுப்பெறவே, 1978 யூன் மாதத்தில் அந்நிறுவனம் ஏறத்தாழ 15 இலட்சம் வாகனங்களை மீள அழைப்பதாக அறிவித்தது. தேவைப்பட்டவை பெரும் பொறிகளல்ல. தாங்கிக்கு ஒரு பிளாஸ்ரிக் காப்பும், எரிபொருள் நிரப்பும் குழாய்க்கு மேம்பட்ட அமைப்புமே. எனினும் அறிவித்தற் கடிதங்களும் உதிரிப்பாகங்களும் செப்ரெம்பர் மாதமளவிலேயே ஆயத்தமாயின. ஓகஸ்ற் 10 ஆந் திகதி இந்தியானா மாநிலத்து நெடுஞ்சாலையொன்றில் 1973 ஆம் ஆண்டுப் பின்ரோ ஒன்றைப் பின்னால் வந்த வான் மோதியது. உள்ளிருந்த மூன்று இளம்பெண்கள் தீயினால் மாண்டனர். அவ்வாகனத்துக்குரிய மீளழைப்புக் கடிதம் வீடு வந்து சேர்ந்தது அதன் பின்னரே.

எல்காட் மாவட்ட வழக்குத்தொடுநர் மைக்கல் கொசென்ரினோ போர்ட் நிறுவனத்தின் மீதே பொறுப்பற்ற முறையில் உயிர்க்கொலை விளைத்தமைக்கான குற்றவழக்கைத் தொடுத்தார். வினமாக் என்னும் சிற்றூரில் 1980 ஜனவரியில் விசாரணை ஆரம்பமாயிற்று. நிறுவனத்தின் சார்பில் வாதாடியவர், வாட்டர்கேட் வழக்குகளிற் பெயர்பெற்ற ஜேம்ஸ் நீல். குற்றம் நிரூபிக்கப்பட்டிருப்பினும் விதிக்கக்கூடிய உச்சத் தண்டம் 30,000 டொலர் மாத்திரமே. ஆயினும் வழக்கின் முக்கியத்துவம் தண்டத் தொகையில் இல்லை. குறித்த குற்றவியற் சட்டத் திருத்தம் 1978 யூலை முதலாந் திகதியே நடைமுறைக்கு வந்தமையால், பல்லாண்டுகளுக்கு முன் வாகனத்தைத் தவறாக வடிவமைத்தமைக்காக நிறுவனத்தைத் தண்டித்தல் இயலாதிருந்தது. அத்திகதிக்கும் விபத்துக்கும் இடைப்பட்ட 41 நாட்களில் எச்சரிக்கவோ திருத்தவோ தவறியமையே குற்றமாக முன்வைக்கப்பட்டது. ஒரு பெருநிறுவனம் தன் வாகனத்திற்காக அன்றித் தன் தாமதத்திற்காக எதிரிக் கூண்டில் நிறுத்தப்பட்டது! மீளழைப்பைத் துரிதப்படுத்த இயன்றதனைத்தும் செய்யப்பட்டதென்றும், மோதிய வேகம் எந்தச் சிறு காரும் தாங்கவொண்ணாதது என்றும் எதிர்வாதம் அமைந்தது. நான்கு நாள் ஆலோசனையின் பின்னர், மார்ச் 13 ஆந் திகதி, யூரர்கள் நிறுவனத்தைக் குற்றவாளியல்ல என விடுவித்தனர். இத்தீர்ப்பைக் கண்டிப்பவர் பலர். ஆயினும் யூரர்கள் எதிர்நோக்கிய இடர்ப்பாடு உண்மையானதே. 41 நாள் தாமதம் இயல்பானதா குற்றமானதா என அளப்பதற்கு 'நியாயமான காலம்' என்னும் தொடர் எந்த அளவுகோலையும் தரவில்லை.

பின்வந்த நிகழ்வுகளுள் இரண்டைச் சுருங்கக் கூறலாம். 2000 ஓகஸ்ற்றில் பயர்ஸ்ரோன் நிறுவனம் 65 இலட்சம் ரயர்களை மீள அழைத்தபோது மாற்று ரயர்கள் போதாமையால் வெப்பமிகு தென் மாநிலங்களுக்கு முதலிடம் அளித்துப் படிப்படியாகச் செல்லத் திட்டமிட்டது. எதிர்ப்பு எழவே, பிற நிறுவனங்களின் ரயர்களும் அனுமதிக்கப்பட்டன. போர்ட் நிறுவனம் மூன்று தொழிற்சாலைகளின் உற்பத்தியை நிறுத்தி அங்கிருந்த ரயர்களை மாற்றீட்டுக்குத் திருப்பியது. 2014 இல் ஜெனரல் மோட்டர்ஸ் வாகனங்களின் தீமூட்டற் சாவியமைப்பு மீள அழைக்கப்பட்டபோது, திருத்தப்படும் வரை அவற்றை ஓட்டாது நிறுத்திவைக்குமாறு கட்டளையிடக் கோரி ரெக்சாஸ் மாநிலத்தில் மனுச் செய்யப்பட்டது. அத்தகைய முடிவு பாதுகாப்பு நிருவாகத்துக்கே உரியதெனக் கொண்டு நீதிமன்றம் மறுத்துவிட்டது. சாவிக்கொத்திலிருந்து ஏனையவற்றை நீக்கிவிட்டு ஓட்டுமாறு உரிமையாளருக்கு ஆலோசனை வழங்கப்பட்டது.

இவையனைத்தும் தகாட்டா விவகாரத்தின் முன் சிறியனவாயின. தகாட்டா, 1933 இல் யப்பானின் ஷிகா மாகாணத்தில் நெசவுத் தொழிலகமாகத் தோன்றிப் பரசூட்டுக் கயிறுகளும் பின்னர் ஆசனப் பட்டிகளும் நெய்து வளர்ந்த நிறுவனமாகும். மோதலின்போது கணத்தில் விரிந்து தலையைக் காக்கும் காற்றுப்பையை ஊதுதற்கு, இந்நூற்றாண்டின் தொடக்கத்தில் அது அமோனியம் நைத்திரேற்றைப் பயன்படுத்தத் தொடங்கிற்று. மலிவானதும் விளைதிறனுடையதுமான அப்பொருள் வெப்பநிலை மாற்றத்துக்கும் ஈரப்பதனுக்கும் இலகுவில் இடங்கொடுப்பதாகும். பகலில் வெயிலிற் சூடேறி இரவிற் குளிரும் வாகனத்தினுள், ஈரம் புகுந்த அதன் வில்லைகள் ஆண்டுகள் செல்லச் செல்லத் தளர்வுறும். தளர்ந்த வில்லை அளவுக்கு மிஞ்சிய வேகத்தில் எரிய, அமுக்கந் தாங்காது உலோகக் கலம் வெடித்துச் சிதறும். உயிர்காக்க அமைந்த பை அவ்வாறு கூரிய உலோகத் துண்டுகளை ஓட்டுநரின் முகத்திலும் கழுத்திலும் எறிந்தது. 2014 இல் புளொரிடாவில் இறந்த ஒரு பெண்ணின் கழுத்துக் காயங்களைக் கண்ட பொலிசார் முதலிற் கொலையென்றே ஐயுற்றனர். சில நாட்களின் பின் அவ்வீட்டுக்கு மீளழைப்புக் கடிதம் வந்தது. இந்தியானாவில் நிகழ்ந்தது 36 ஆண்டுகளின் பின் மீண்டும் நிகழ்ந்தது.

2008 நவம்பரில் ஹொண்டா நிறுவனம் ஏறத்தாழ 4,000 வாகனங்களை அழைத்ததுடன் தொடங்கிய மீளழைப்பு, ஒவ்வோராண்டும் சிறிது சிறிதாக விரிந்தது. 2014 இறுதியில் நாடளாவிய மீளழைப்பை அரசு கோரியபோது தகாட்டா இணங்க மறுத்தது. 2015 மே மாதத்தில் இணங்கியபோது தொகை ஏறத்தாழ 34 மில்லியனாக உயர்ந்தது. 2016 மே மாதத்தில் மேலும் 35 முதல் 40 மில்லியன் ஊதுகலங்கள் சேர்க்கப்பட்டன. இத்தொகைகளோடு உற்பத்தித் திறனை ஒப்பிடுவோர்க்கு நிலைமை தெளிவாகும். 2015 தொடக்கத்தில் தகாட்டா மாதமொன்றுக்கு ஏறத்தாழ 450,000 மாற்றுக் கலங்களை ஆக்கத் திட்டமிட்டிருந்தது. அவ்வேகமே நீடித்திருப்பின் 34 மில்லியனுக்கே ஆறாண்டுகளுக்கு மேல் வேண்டும். ஒட்டோலிவ், டைசெல் முதலிய போட்டி நிறுவனங்களிடமிருந்து கலங்களைப் பெற்றே அவ்விடைவெளி குறைக்கப்பட்டது. அதற்கும் வடிவமைப்பு, பரிசோதனை என மாதங்கள் சென்றன.

இக்காலத்தில் உரிமையாளருக்குக் கிடைத்த ஆலோசனைகள் விசித்திரமானவை. ரொயோட்டா நிறுவனம், உதிரிப்பாகம் இல்லாதவிடத்து முன்புறப் பயணியின் காற்றுப்பையைச் செயலிழக்கச் செய்து, அவ்வாசனத்தில் எவரும் அமரலாகாதென எச்சரிக்கத் தலைப்பட்டது. சட்டம் கட்டாயமாக்கிய பாதுகாப்புச் சாதனம் பாதுகாப்பின் பொருட்டே துண்டிக்கப்பட்டது. பல வாகனங்களிற் பழைய கலத்துக்குப் பதிலாக அதே அமோனியம் நைத்திரேற்றுக் கலமே புதிதாகப் பொருத்தப்பட்டது. தளர்வதற்கு ஆண்டுகள் செல்லுமாதலால் அது தற்காலிகக் காப்பெனக் கொள்ளப்பட்டது. அவ்வுரிமையாளர்கள் இரண்டாம் முறையும் காத்திருக்க வேண்டியவராயினர்.

2015 நவம்பரில் பாதுகாப்பு நிருவாகம் விடுத்த ஒருங்கிணைப்புக் கட்டளை வரலாற்று முக்கியத்துவமுடையது. அதுவரை எந்த உரிமையாளர் எப்போது கவனிக்கப்படுவார் என்பதை ஒவ்வொரு நிறுவனமும் தன்போக்கில் முடிவுசெய்து வந்தது. இப்போது வாகனத்தின் வயதையும், அது ஓடிய பிரதேசத்தின் வெப்பத்தையும் ஈரப்பதனையும் கொண்டு அரசே வரிசையை வகுத்தது. இவ்வரிசை பின்னர் 12 முன்னுரிமைக் குழுக்களாயிற்று. புளொரிடா, ஹவாய், லூசியானா போன்ற மாநிலங்கள் முன்னே நின்றன. தட்டுப்பாட்டுக் காலத்தில் அரிசியைப் பங்கிடுவது போலப் பாதுகாப்பும் பங்கிடப்பட்டது. இம்முடிவைக் குறைகூறுதல் எளிது. ஆயினும் எல்லாருக்கும் போதாத பொருளைக் குலுக்கற் சீட்டுப் போல விடுவதினும் ஆபத்து மிகுந்தோருக்கு முதலில் அளிப்பது நீதியானதே. குற்றம் வரிசையில் இல்லை. வரிசை ஏழாண்டு பிந்தி வந்ததிலேயே உள்ளது. தகாட்டா தன் பரிசோதனை முடிவுகளைத் திரித்துக் காட்டியமையை 2017 இல் நீதிமன்றத்தில் ஒப்புக்கொண்டு, 100 கோடி டொலர் செலுத்த இணங்கி, அவ்வாண்டு யூன் மாதத்தில் வங்குரோத்தடைந்தது.

வேறு வழியும் இருந்தது என்பதற்கு அவுஸ்திரேலியா சான்றாகும். அந்நாடு 2018 பெப்ரவரியில் மீளழைப்பைக் கட்டாயமாக்கி, 2020 இறுதியை எல்லையாக விதித்து, மிக ஆபத்தான வாகனங்களின் பதிவையே நீக்கும் அதிகாரத்தைப் பயன்படுத்தியது. குறித்த காலத்தில் ஏறத்தாழ எல்லா வாகனங்களும் கணக்கிற் கொண்டுவரப்பட்டன. அமெரிக்க உரிமையாளர் மீது அத்தகைய கட்டாயம் இல்லை. 35 இற்கு மேற்பட்ட வாகனங்களை வாடகைக்கு விடும் நிறுவனங்கள் திருத்தப்படாத வாகனத்தை வழங்கலாகாதென 2015 ஆம் ஆண்டுச் சட்டம் தடுத்தது. பழைய வாகன விற்பனையாளரை அத்தடை கட்டுப்படுத்தவில்லை.

ஆகவே, தட்டுப்பாடு நீங்கிய பின்னர் நிலைமை தலைகீழாயிற்று. முன்னர் உரிமையாளர் உதிரிப்பாகத்துக்காகக் காத்திருந்தார்; இப்போது உதிரிப்பாகம் உரிமையாளருக்காகக் காத்திருந்தது. மிகப் பழைய கலங்கள் மிகப் பழைய கார்களிலேயே இருந்தன. அவை மூன்றாம் நான்காம் கைக்கு மாறி, விலாசம் அடிக்கடி மாறும் வறியோரிடமும் மாணவரிடமும் சென்றடைந்திருந்தன. 2001 முதல் 2003 வரையான சில ஹொண்டா வாகனங்களின் கலங்கள் பரிசோதனையில் இரண்டுக்கொன்று வரை வெடிக்கக் கூடியனவெனக் கண்ட நிருவாகம், 2016 யூன் மாதத்தில் அவற்றைத் திருத்துமிடத்துக்கன்றி வேறெங்கும் ஓட்டவேண்டாமென வேண்டிக்கொண்டது. அவ்வாகனங்களுள் ஏறத்தாழ 8,200 திருத்தப்படாதிருக்க, அதே வேண்டுகோளை ஹொண்டா 2023 பெப்ரவரியில் மீண்டும் விடுத்தது. 2024 அளவில் ஐக்கிய அமெரிக்காவில் மாத்திரம் 28 மரணங்கள் உறுதிசெய்யப்பட்டிருந்தன; காயமுற்றோர் 400 பேருக்கு மேல்.

நாட்டு எல்லையைக் கடந்த வாகனங்களின் நிலை மேலும் சிக்கலானது. யப்பானிய ஏலங்கள் வழியாகப் பல தசாப்தங்களாக இலங்கை போன்ற நாடுகளுக்கு வந்து சேர்ந்த பழகிய வாகனங்களை, அவற்றின் முதற் பதிவேடு பின்தொடர்ந்து வரவில்லை. அத்தகைய வாகனத்தை வாங்கியவரின் பெயருக்கு யப்பானிலிருந்து கடிதம் வருவதற்கு வழியில்லை. அடிச்சட்டத்திற் பொறித்த இலக்கத்தைத் தாமாகக் கொண்டுசென்று விசாரித்தாலன்றித் தம் வாகனம் மீளழைப்புக்கு உட்பட்டதென அறிய வாய்ப்பற்ற அவர், 1966 ஆம் ஆண்டுச் சட்டம் காணாது விட்ட அந்த இரண்டாங் கைக்காரரின் இடத்திலேயே நிற்கின்றார்.