துரையே பரிசோதகர்

பதுளைக் கடைவீதியில் சாப்பாட்டுக்கடை நடத்துபவருக்குப் பொதுச் சுகாதாரப் பரிசோதகர் என்றால் ஒரு பயம் உண்டு. பசறைப் பக்கம் ஏறி, தேயிலை தொடங்கும் எல்லையைத் தாண்டினால், நெடுங்காலம் அப்படிப் பயப்பட ஆளே இல்லை. மலைப்பாதையையும் ஆள் பற்றாக்குறையையும் இதற்குக் காரணமாகச் சொல்வார்கள். அவை உண்மைதான், ஆனால் முதற்காரணம் சட்டத்திலேயே இருந்தது. நகரங்களுக்காக 1876இல் சுகாதாரத்தையும் அபிவிருத்தியையும் கவனிக்கும் உள்ளூர்ச் சபைகளுக்கு வழி செய்யப்பட்டது. தோட்டங்களுக்கோ 1872இலேயே தனிச் சட்டம் வந்துவிட்டது. அந்த வரிசையில் வந்த 1912ஆம் ஆண்டு மருத்துவத் தேவைகள் கட்டளைச்சட்டம், லயங்களைச் சுத்தமாக வைத்திருப்பதையும், நோயாளிகளை அறிந்து ஆவன செய்வதையும், பிள்ளை பெற்ற பெண்ணுக்கு ஒரு மாதம் உணவும் இருப்பிடமும் கொடுப்பதையும் தோட்டத்தை நிர்வகிக்கும் துரையின் கடமையாக்கியது. வாசிக்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் லயத்துக்குச் செலவு செய்ய வேண்டியவரும், லயம் சுத்தமாக இருக்கிறதா என்று அன்றாடம் பார்க்க வேண்டியவரும் ஒரே ஆள். அரசாங்க மருத்துவர் எப்போதாவது வந்துபோவார். தினமும் வந்தவர் வாசல்கூட்டி ஒருவரே. அவரால் கானைக் கூட்ட முடியும், கான் வெட்டித் தரும்படி கேட்க முடியாது.

இந்த ஏற்பாடு எவ்வளவு தாங்கும் என்பதைக் கொக்கிப்புழு காட்டிக்கொடுத்தது. 1916இல் ராக்ஃபெல்லர் அறக்கட்டளை மாத்தளைத் தோட்டங்களில் ஒழிப்பு வேலையைத் தொடங்கியது. மலம் விழுந்த ஈர மண்ணில் வளரும் இந்தப் புழு வெறுங்காலைத் துளைத்து உடம்புக்குள் ஏறும். இரத்தம் குடித்து ஆளைச் சோகையாக்கும். மருந்து குடலைச் சுத்தப்படுத்தும், மண்ணைச் சுத்தப்படுத்தாது. ஆகவே மருந்தோடு கக்கூசும் வேண்டும். தோட்டக்காரர்கள் மருந்தை வரவேற்றார்கள். சோகை தீர்ந்தவர் மறுநாளே மலைக்கு வேலைக்குப் போவார் அல்லவா? கக்கூசு என்றதும் கணக்குப் புத்தகம் திறந்துகொண்டது. மருந்து குடித்தவர்களே மறுபடி புழுவோடு திரும்பினார்கள். நோயாளியை மட்டும் பார்த்தால் போதாது, இடத்தையே தொடர்ந்து பார்க்க ஆள் வேண்டும் என்ற எண்ணம் வலுத்தது. 1926இல் களுத்துறையில் முதல் சுகாதாரப் பிரிவு பிறந்தது. மருத்துவ அதிகாரி, பரிசோதகர், தாதி, மருத்துவிச்சி எல்லோரும் ஒரு பிரதேசத்துக்குப் பொறுப்பானார்கள். தோட்டத்தில் கற்ற பாடம் ஊருக்குப் பயன்பட்டது; தோட்டமோ பழைய சட்டத்தின் கீழேயே கிடந்தது.

கிராமங்களுக்கு முன்பே தோட்டங்களில் மருந்துச்சாலையும் பிள்ளைக்காம்பராவும் வந்தனவே என்று கேட்கலாம். வந்தன. ஆனாலும் சுதந்திரத்துக்குப் பின் பல பத்தாண்டுகள் தோட்டத்துச் சிசு மரணம் நாட்டின் சராசரிக்கு மேலேயே நின்றது. பிறந்த பிள்ளையைக் காப்பதில் மருந்துப் புட்டிக்கு இருக்கும் பங்கு, பீலித் தண்ணீருக்கும் காம்பராவின் காற்றுக்கும் உண்டு. இன்னொரு வாதம், கக்கூசு கட்டினாலும் தொழிலாளர் போகமாட்டார்கள் என்பது. பல குடும்பங்களுக்குப் பொதுவாக, தண்ணீரில்லாமல், லயத்துக்கு எட்டக் கட்டிய ஒன்றுக்கு இரவில் மழையில் யார் போவார்கள்? பழக்கத்தைக் குறை சொல்வதற்கு முன் கட்டடத்தைப் பார்த்திருக்க வேண்டும். பார்க்கத்தான் யாரும் இல்லை.

1948இல் தோட்டத் தொழிலாளரின் குடியுரிமையும் அதன் பின் வாக்குரிமையும் பறிபோனபின், இவர்களுக்காகக் குரல் கொடுக்க எந்த நாடாளுமன்ற உறுப்பினருக்கும் அவசியம் இருக்கவில்லை. எழுபதுகளில் தோட்டங்கள் அரசுடைமையானபோது துரைமார் மாறினார்கள், ஏற்பாடு மாறவில்லை. 1987ஆம் ஆண்டுப் பிரதேச சபைச் சட்டத்தின் 33ஆம் பிரிவு, தோட்டக் குடியிருப்புகளுக்குச் சபைப் பணத்தைச் செலவிடத் தடையாக நின்றது. அது திருத்தப்பட்டது 2018இல்தான். இடையில் 2007இல் வந்த நுளம்புப் பெருக்கத் தடுப்புச் சட்டம், நீர் தேங்காமல் பார்ப்பதை இடத்தின் உரிமையாளரோ குடியிருப்பவரோ செய்ய வேண்டிய கடமை என்கிறது. லயத்தில் நிலம் அரசினுடையது, குத்தகை பின்னர் தோட்டத்தை ஏற்ற கம்பனியுடையது, தகரக்கூரை ஒழுகுவது தொழிலாளியின் தலையில். பீலியடியில் தண்ணீர் தேங்கினால் பரிசோதகரின் அறிவித்தல் இவர்களில் யார் கையில் போய்ச் சேர வேண்டும்?