சூடேறும் இன்ஜின்: ஹெரால்டும் ஸ்டாக்கும் சொல்லும் கதை

வைகாசி மாதம். காஞ்சிபுரம் வரதராஜப் பெருமாள் கோவில் கருட சேவை. ஊரெங்கும் கூட்டம். அந்தக் கூட்டத்துக்கு நடுவே ஒரு பழைய ஸ்டாண்டர்டு ஹெரால்ட் கார் மாட்டிக்கொண்டால் என்ன ஆகும்? கொஞ்ச நேரத்தில் டெம்பரேச்சர் முள் மேலே ஏறும். அப்புறம் பானெட்டிலிருந்து ஆவி வரும். சுற்றி நிற்பவர்களில் ஒருவர் "ரேடியேட்டர் போச்சு" என்பார். இன்னொருவர் "தெர்மோஸ்டாட்டைக் கழற்றிப் போடுங்க" என்பார். மூன்றாமவர் ஒரு குடம் தண்ணீரோடு ஓடி வருவார்!

மூன்று பேர் சொல்வதுமே தவறாக இருக்கலாம். இன்ஜினுக்கு வரும் சூடு நம் உடம்புக்கு வரும் காய்ச்சல் மாதிரி. அது நோய் அல்ல, அறிகுறி. இதைப் புரிந்துகொள்ளாததால் ஒரு அழகான ஸ்போர்ட்ஸ் காரின் பெயரே கெட்டுப்போன வரலாறு உண்டு. அந்தக் காருக்கும் நம்ம ஊர் ஹெரால்டுக்கும் உறவும் உண்டு!

பெருங்களத்தூரில் பிறந்த கார்

1948-ல் தொடங்கப்பட்ட ஸ்டாண்டர்டு மோட்டார் புராடக்ட்ஸ் நிறுவனத்தின் தொழிற்சாலை, வண்டலூரை அடுத்த பெருங்களத்தூரில் இருந்தது. அன்றைய செங்கல்பட்டு மாவட்டம் அது. 1968 முதல் அந்த மாவட்டத்துக்குத் தலைநகராக இருந்தது காஞ்சிபுரம்தான். ஸ்டாண்டர்டு ஹெரால்ட் இங்கே 1961-லிருந்து தயாரானது. இங்கிலாந்தில் 1959-ல் வந்த டிரையம்ஃப் ஹெரால்டின் இந்தியப் பதிப்பு. 948 சிசி இன்ஜின்.

ஹெரால்டின் உடலை வரைந்தவர் இத்தாலியரான ஜியோவானி மிக்கெலோட்டி. இதே ஹெரால்டின் சேஸிஸைச் சுருக்கி, அதன் மேல் அவர் வரைந்த உடலைப் பொருத்தி, 1962-ல் ஸ்பிட்ஃபயர் என்ற ஸ்போர்ட்ஸ் கார் வெளியானது. 1970-ல் அவர் வரைந்த இன்னொரு டிரையம்ஃப் வந்தது. பெயர் ஸ்டாக். நான்கு பேர் உட்காரலாம், கூரையைத் திறந்துகொள்ளலாம், 3 லிட்டர் வி8 இன்ஜின். 1971-ல் வந்த ஜேம்ஸ் பாண்ட் படமான 'டைமண்ட்ஸ் ஆர் ஃபாரெவர்'-லும் தலைகாட்டியது. அக்கா ஹெரால்ட் சாதுவாகக் காலம் தள்ள, தங்கை ஸ்டாக் பிறந்ததிலிருந்தே காய்ச்சலில் படுத்தாள்.

கொதிக்காமல் காப்பது எப்படி?

எரியும் பெட்ரோலின் சக்தியில் ஒரு பகுதிதான் சக்கரத்துக்குப் போகிறது. மிச்சமெல்லாம் வெப்பம். அதில் ஒரு பங்கு புகைக்குழாய் வழியாகப் போகும், இன்னொரு பங்கைத் தண்ணீர்தான் சுமந்து வெளியேற்ற வேண்டும். 1900-ல் வில்ஹெல்ம் மேபாக் வடிவமைத்த மெர்சிடிஸ் காரில் தேன்கூடு மாதிரியான ரேடியேட்டர் வந்தது. கொஞ்சம் தண்ணீர், நிறைய காற்று என்ற அந்த யோசனைதான் இன்றுவரை தொடர்கிறது.

பிற்காலத்தில் அழுத்த மூடி வந்தது. பிரஷர் குக்கரின் தத்துவமேதான். அழுத்தம் கூடினால் தண்ணீர் 100 டிகிரியில் கொதிக்காது. ஆக, பத்து ரூபாய் ரப்பர் வளையம் போனால்கூட இன்ஜின் கொதிக்கலாம்.

ஸ்டாக்குக்கு என்ன நோய்?

ஒரு நோய் இல்லை, பல நோய்கள். அதுதான் பிரச்சினையே.

முதலாவது, வாட்டர் பம்ப் இன்ஜினின் உச்சியில் வைக்கப்பட்டிருந்தது. நெரிசலில் கொதித்துக் கொஞ்சம் தண்ணீர் வெளியேறிவிட்டால், மிச்சத் தண்ணீர் பம்ப் இருக்கும் உயரத்தை எட்டாது. பம்ப் சுற்றும், தண்ணீர் சுற்றாது!

இரண்டாவது, பிளாக் வார்ப்பிரும்பு, ஹெட் அலுமினியம். இரண்டு உலோகங்கள் ஒரே தண்ணீரில் இருந்தால் அரிப்பு வரும். அதைத் தடுக்கும் மருந்து கலந்த ஆன்டிஃப்ரீஸை வருடம் முழுக்க ஊற்ற வேண்டும். குளிர்காலத்துக்குத்தான் அது என்று நினைத்து, உரிமையாளர்களும் டீலர்களும் மற்ற மாதங்களில் வெறும் தண்ணீரை ஊற்றினார்கள். அரித்த அலுமினியம் வெள்ளை வண்டலாகப் போய் ரேடியேட்டரை அடைத்தது.

மூன்றாவது, பிளாக் வார்ப்புக்குள் சுத்தம் செய்யப்படாமல் தங்கிவிட்ட மணல். அதுவும் நீர்ப்பாதையை அடைத்தது. நான்காவது, ஹெட்டைப் பிடிக்கும் ஸ்டட்களில் பாதி நேராகவும் பாதி சாய்வாகவும் இருந்தன. சூடேறினால் ஹெட் கோணிக்கொள்ளும், கேஸ்கட் போகும்.

இப்போது ஒரு ஒர்க்‌ஷாப்பை நினைத்துப் பாருங்கள். கேஸ்கட் போன வண்டி வருகிறது. புது கேஸ்கட் போட்டு அனுப்புகிறார்கள். கேஸ்கட்டைக் கொன்ற அடைப்பு உள்ளேயே இருக்கிறது. வண்டி மறுபடியும் வருகிறது. ஒவ்வொரு முறையும் பில் ஏறுகிறது, காரணம் மட்டும் அப்படியே இருக்கிறது.

அதே பிரிட்டிஷ் லேலண்ட் குழுமத்தில் ரோவரின் 3.5 லிட்டர் வி8 தயாராக இருந்தது. அது ஸ்டாக்கில் பொருந்தாது என்றார்கள். பின்னாளில் உரிமையாளர்கள் பலர் அதை மாட்டியே காட்டினார்கள்! கடைசியில் 1977-ல் ஸ்டாக் நின்றது. மொத்தம் தயாரானவை 25,877 கார்கள் மட்டுமே. வார்ப்பில் மணலைச் சுத்தம் செய்ய ஆகும் செலவு சின்னது. அதை மிச்சம் பிடித்தால் வாரண்டியிலும் பெயரிலும் பல மடங்காகக் கொடுக்க வேண்டும். எந்தக் கணக்குப் புத்தகத்திலும் முதல் வருடம் தெரியாத செலவு இது.

சரி, எப்படிக் கண்டுபிடிப்பது?

இன்று ஸ்டாக் வைத்திருப்பவர்கள் ஓட்டிக்கொண்டுதான் இருக்கிறார்கள். அவர்கள் கற்றுக்கொண்டது வரிசை. மலிவான சோதனை முதலில், ஹெட்டைக் கழற்றுவது கடைசியில்.

1. முள் பொய் சொல்கிறதா என்று வேறொரு தெர்மாமீட்டரால் சரிபார்க்க வேண்டும்.
2. இன்ஜின் ஆறிய பிறகு தண்ணீர் அளவு, ஹோஸ், மூடி, ஃபேன் பெல்ட் பார்க்க வேண்டும்.
3. எப்போது சூடாகிறது என்று கவனிக்க வேண்டும். நெரிசலில் மட்டும் சூடாகி, ஹைவேயில் ஆறினால் காற்றுக் குறை. ஃபேனைப் பார்க்கலாம். நெரிசலில் சரியாக இருந்து, வேகத்தில் சூடானால் நீரோட்டக் குறை. ரேடியேட்டர் அடைப்பைப் பார்க்கலாம்.
4. தெர்மோஸ்டாட்டைச் சுடுதண்ணீர்ப் பாத்திரத்தில் போட்டால் திறக்கிறதா இல்லையா என்று தெரிந்துவிடும்.
5. இக்னிஷன் டைமிங் தாமதமாக இருந்தாலும் இன்ஜின் சூடாகும்.
6. ரேடியேட்டரில் விடாமல் குமிழி வந்தாலோ, ஆயில் பால் மாதிரி ஆனாலோ ஹெட் கேஸ்கட் போயிருக்கலாம். அப்படியானால் அது ஏன் போனது என்றும் கேட்க வேண்டும்!

கருட சேவைக் கூட்டத்தில் நின்ற ஹெரால்டுக்குத் திரும்புவோம். அதன் பிளாக், ஹெட் இரண்டுமே இரும்பு. எனவே ஸ்டாக்கின் உலோகச் சண்டை இதில் இல்லை. ஆனால் உப்புப் படியும் போர் தண்ணீரை வருடக்கணக்கில் ஊற்றினால் நீர்ப்பாதைகள் குறுகிவிடும். ஃபேனும் இன்ஜின் வேகத்தில்தான் சுற்றும். ஊர்ந்து போகும்போது காற்று குறைவு. ஊர் தாண்டி ஸ்ரீபெரும்புதூர் சாலையில் ஏறியதும் முள் இறங்கினால், முதலில் பார்க்க வேண்டியது ஒரு தளர்ந்த ஃபேன் பெல்ட்டாக இருக்கலாம்.

அந்தக் குடத்துத் தண்ணீர்? அது காத்திருக்கட்டும். சூடான இன்ஜினின் மூடியைத் திறந்தால் கொதிநீர் முகத்தில் பீறிடும். கொதிக்கும் இரும்பில் குளிர்ந்த நீர் பட்டால் விரிசலும் விழலாம். வண்டியை ஓரம் கட்டி, அரைமணி நேரம் நிழலில் நிறுத்தினாலே போதும். ஸ்டாக்கின் விஷயத்தில் பலர் செய்யாமல் விட்டது அதைத்தான். கை வைப்பதற்கு முன் கொஞ்சம் யோசிப்பது.