ஆர்டர் பாட்டு

செங்காங்கில் எங்கள் புளோக்கின் பொங்கல் கொண்டாட்டத்தை எடுத்து நடத்தும் அண்ணன் போன் செய்தார். "தம்பி, நீங்க பாட்டெல்லாம் எழுதுவீங்களாமே? நமக்கு ஒண்ணு போட்டுக் குடுங்க. 'ஒன்றுகூடுவோம்'னு கண்டிப்பா வரணும், பேனர்ல அதான் போடுறோம். மூணு நிமிஷத்துக்கு மேல வேணாம்."

"சரிண்ணே" என்று வைத்துவிட்டேன். உள்ளுக்குள் எரிச்சல். பகலெல்லாம் யாரோ கொடுத்த அளவுக்கு வேலை செய்கிற எஞ்சினியர் நான். ராத்திரி கிதாரோடு உட்காருவதே அளவு சொல்ல ஆள் இல்லாத அந்த ஒரு மணி நேரத்துக்காகத்தான். அங்கேயும் பேனரா?

பழைய பாட்டுகள் எப்படிப் பிறந்தன என்று தேடிப் படிப்பது என் பழக்கம். அந்த வாரம் கையில் சிக்கியது, பள்ளியில் தினமும் காலையில் கொடிக்கு முன்னால் நின்று நான் பாடிய பாட்டின் கதை.

1958. விக்டோரியா தியேட்டரைப் புதுப்பிக்கிறார்கள். மேடையின் பின்திரையில் 'மாஜுலா சிங்கப்பூரா' என்ற வாசகம் வரப்போகிறது. அதையே வைத்து ஒரு பாட்டு வேண்டும் என்று ஜூலை மாதம் நகரசபையிலிருந்து ஸுபிர் சைட்டுக்குக் கடிதம் போகிறது. தேசிய கீதம் இல்லை, அப்போது தேசமே இல்லையே. நகரசபை விழாக்களில் பாட ஒரு பாட்டு, அவ்வளவுதான். ஆக, அங்கேயும் பேனர்தான் முதலில் வந்திருக்கிறது! ரயிலில் படித்துக்கொண்டிருந்தவன் சத்தமாகவே சிரித்துவிட்டேன்.

கடிதம் போன ஆளும் லேசுப்பட்டவர் இல்லை. சுமத்ராவின் புக்கித்திங்கியில் 1907இல் பிறந்த மினாங்கபாவ்காரர். பாட்டுக் கூத்தெல்லாம் மார்க்கத்துக்கு ஆகாது என்பது அப்பாவின் கட்சி. மின்னும் விளக்குகள், பால் காப்பி, வெண்ணெய் என்று ஒரு மாலுமி சிங்கப்பூரைப் பற்றிச் சொன்ன கதையை நம்பி, 1928இல் சரக்குக் கப்பலேறி வந்தார். பங்சாவான் நாடகக் குழு, எச்.எம்.வி. இசைத்தட்டு கம்பெனி, ஷா சகோதரர்கள், கேத்தே கிரிஸ் என்று அவர் வேலை பார்த்த இடமெல்லாம் கேட்டதைக் கேட்ட நேரத்தில் கொடுக்க வேண்டிய இடங்கள். காட்சிக்கு ஏற்ற பாட்டு, நடிகையின் குரலுக்கு ஏற்ற மெட்டு. ஆர்டர் என்பது அவருக்கு அவமானமே இல்லை, அன்றாடம்.

என்னை நிறுத்தியது வேறொரு விஷயம். அத்தனை பாட்டு போட்டவர், மலாய் எழுத்தாளர் முகமது அரிஃப் அகமதிடம் போய் வரிகளைப் பற்றிக் கலந்து பேசியிருக்கிறார். சுத்தமான மலாயாக இருக்கணும், ஆனால் ஆழமாகப் போய்விடக் கூடாது. எல்லா இனத்தவரும் சீக்கிரம் படித்துப் பாடணும். 1984இல் தேசிய ஆவணக் காப்பகத்துக்குக் கொடுத்த வாய்மொழிப் பேட்டியில் ஸுபிர் சைட்டே இதைச் சொல்லியிருக்கிறார். என் தாத்தாவுக்குப் பசார் மலாய் தண்ணி பட்ட பாடு. எனக்கோ காப்பிக்கடையில் 'தே ஓ கோசோங்' சொல்லும் அளவுதான். இருந்தும் அந்தப் பாட்டில் ஒரு சொல்கூட என் நாக்கில் இடறியதில்லை. அது தற்செயல் என்றுதான் இத்தனை நாள் நினைத்திருந்தேன்.

1958 செப்டம்பர் 6. விக்டோரியா தியேட்டரின் திறப்பு விழாக் கச்சேரியில் அந்தப் பாட்டை முதன்முதலில் இசைத்தது சிங்கப்பூர் சேம்பர் ஆன்சாம்பிள். அதை நடத்தியவர் பினாங்கில் பிறந்த பால் அபிஷேகநாதன். இந்தப் பெயரை எனக்கு எந்தத் தமிழ் வகுப்பும் சொல்லித் தரவில்லை. யூனியில் நாலு வருஷம் தமிழ்ப் பேரவையில் சுற்றியும் காதில் விழவில்லை. கண்டுபிடித்த அன்று நண்பர்கள் எல்லாருக்கும் வாட்ஸ்அப்பில் அனுப்பினேன். பாதிப் பேர் கட்டைவிரல் போட்டார்கள்.

அடுத்த வருஷம் சுயாட்சி வந்தது. துணைப் பிரதமர் தோ சின் சாய் அந்த நகரசபைப் பாட்டையே எடுத்துக்கொண்டு, நீளமாக இருக்கிறது, சுருக்கிக் கொடுங்கள் என்றார். ஸுபிர் சைட் வெட்டிக் கொடுத்தார். 1959 டிசம்பர் 3 அன்று, கொடியும் சின்னமும் அறிமுகமான அதே நாளில் அது மக்கள் முன் வந்தது. தன் வரியை வெட்டச் சொன்னால் எப்படி இருக்கும் என்று பாட்டு எழுதுகிற யாருக்கும் தெரியும். 'கோரஸ் இழுக்குது' என்று ஒரு நண்பன் சொன்னதற்கு நான் மூன்று வாரம் அவனோடு பேசவில்லை.

போன சனிக்கிழமை தேக்காவில் வாழையிலை வாங்கிய கையோடு, சிலிகி ரோடு வழியாக ஸுபிர் சைட் டிரைவ் வரை நடந்தேன். கலைப்பள்ளி இருக்கும் தெரு. பெயர்ப்பலகையைப் படம் எடுத்தபோது, அங்கே நின்றிருந்த ஒரு பையன் அப்படி என்ன இருக்கிறது என்று திரும்பிப் பார்த்துவிட்டுப் போனான்.

வீட்டுக்கு வந்து அம்மாவிடம் பொங்கல் பாட்டைப் பாடிக் காட்டினேன். வெங்காயம் நறுக்கிக்கொண்டே கேட்டார்.

"முகிழ்த்தன்னா என்னடா?"

"மலர்ந்த மாதிரிம்மா."

"அப்ப மலர்ந்தன்னே போடேன்."

போட்டிருக்கிறேன். இப்போது மூணு நிமிஷம் இருபது வினாடி வருகிறது. இரண்டாம் சரணத்தில் நாலு வரி போகணும். எனக்கு ரொம்பப் பிடித்த நாலு வரி.