மொழியால் இரண்டான பல்கலைக்கழகம்



ஐரோப்பாவில் பெல்ஜியம் என்றொரு சிறிய நாடு உண்டு. அதன் வடபகுதியில் வாழும் பிளெமிஷ் மக்கள் டச்சு மொழி பேசுகிறார்கள். தென்பகுதியில் வாழும் வல்லோன் மக்கள் பிரெஞ்சு பேசுகிறார்கள். வடபகுதியிலுள்ள லூவென் நகரில், போப்பாண்டவர் ஐந்தாம் மார்ட்டினின் ஒப்புதலோடு 1425-ஆம் ஆண்டு ஒரு கத்தோலிக்கப் பல்கலைக்கழகம் தோன்றியது. உலகப் படம் வரைந்து புகழ்பெற்ற மெர்க்கேட்டர் அங்கே பயின்றவர்.

1914-இல், முதல் உலகப் போரின்போது, ஜெர்மானியப் படையினர் அதன் நூலகத்திற்குத் தீ வைத்தனர். ஏறத்தாழ மூன்று லட்சம் நூல்கள் சாம்பலாயின. மீண்டும் கட்டினார்கள். 1940-இல், இரண்டாம் போரில், அதுவும் எரிந்தது. மறுபடியும் கட்டினார்கள். இரண்டு போர்களைத் தாங்கிய அந்தக் கல்விக்கூடம், பின்னர் வீட்டுப் பிணக்கால் பிளவுபட்டது. ஏன்?

பெல்ஜியம் 1830-இல் தனிநாடானபோது அரசாங்கம், நீதிமன்றம், உயர்கல்வி எல்லாவற்றிலும் பிரெஞ்சே கோலோச்சியது. டச்சு மொழி உழவர்களின் பேச்சு, கூலிக்காரர்களின் பேச்சு என்று ஒதுக்கப்பட்டது. உழவன் மகன் மேலே படிக்க வேண்டுமானால், முதலில் தன் தாய்மொழியை வாசலில் விட்டுவிட்டு வரவேண்டும்! அந்த வடு எளிதில் ஆறவில்லை.

பின்னர் லூவெனில் இரு மொழிகளிலும் பாடங்கள் நடந்தன. ஆயினும் ஒரு காலத்தில் டச்சு பேசிய பிரஸ்ஸல்ஸ் நகரம் மெல்ல மெல்ல பிரெஞ்சு மயமானதைப் பிளெமிஷ் மக்கள் கண்டிருந்தார்கள். லூவெனுக்கும் அந்தக் கதி நேருமோ என்று அஞ்சினார்கள். 1966 மே மாதத்தில் ஆயர்கள், பல்கலைக்கழகம் பிரிக்கப்படாது என்று அறிவித்தனர். பக்தியுள்ள கத்தோலிக்க மாணவர்களே தெருவில் இறங்கினர். 1968 பிப்ரவரியில் புரூக்ஸ் நகர ஆயர், தாம் எடுத்த நிலை தவறு என்று வெளிப்படையாகவே கூறினார். அடுத்த சில நாட்களில் நாட்டின் அரசாங்கமே கவிழ்ந்தது.

டச்சுப் பிரிவு லூவெனிலேயே தங்கியது. பிரெஞ்சுப் பிரிவுக்காகத் தென்பகுதியில் வெற்று நிலத்தில் புதிய நகரம் ஒன்றைக் கட்டினார்கள். 1971-இல் அடிக்கல் நாட்டப்பட்டது. 1979-இல் இடமாற்றம் நிறைவடைந்தது.

நூல்களை எப்படிப் பங்கிடுவது? அடுக்கு எண் ஒற்றைப்படையானவை லூவெனில் தங்கின. இரட்டைப்படையானவை புதிய நகருக்குச் சென்றன. இரண்டு முறை எரிந்து, பல நாட்டார் உதவியால் நிறைந்த நூலகம், அண்ணன் தம்பி பாகப்பிரிவினைபோல் பங்கிடப்பட்டது.

இதில் குற்றம் மொழியினுடையதா? இல்லை, நேயர்களே. இரு மொழிகள் ஒரே கூரையின்கீழ் வாழ்ந்திருக்கலாம். ஒன்றை உயர்த்தி மற்றொன்றை நெடுங்காலம் தாழ்த்தியதே பிளவுக்கு வித்திட்டது. உரிய காலத்தில் தராத மதிப்பை, பின்னர் பெரும் விலை கொடுத்தே தரவேண்டியிருந்தது.

2025-இல் இரு பல்கலைக்கழகங்களும் தங்கள் அறுநூறாம் ஆண்டைக் கொண்டாடின. வீடுகள் இரண்டானாலும் பிறந்தநாள் ஒன்றுதானே!