கடைச்சரக்கும் கைவேலையும்: பங்க் இயக்கம் ஆடையிலும் இசையிலும் விட்டுச்சென்றவை

முன்னுரை

2016 நவம்பர் 26 அன்று இலண்டனின் தேம்ஸ் ஆற்றில், படகொன்றில் வைத்துப் பழைய ஆடைகளும் பிற நினைவுப்பொருள்களும் எரிக்கப்பட்டன. எரித்தவர் ஜோ கொரே. பங்க் ஆடைகளை வடிவமைத்த விவியன் வெஸ்ட்வுட்டும் செக்ஸ் பிஸ்டல்ஸ் இசைக்குழுவின் மேலாளர் மால்கம் மெக்லாரனும் அவருடைய பெற்றோர். எரிந்தவற்றின் மதிப்பு 50 இலட்சம் பவுண்டு என அவர் அறிவித்தார். அக்குழுவின் முதல் இசைத்தட்டு வெளியாகி அன்றோடு நாற்பது ஆண்டுகள் நிறைவுற்றன. அந்நிறைவை ஒட்டி இலண்டனின் பண்பாட்டு நிறுவனங்கள் பொதுநிதி உதவியுடன் விழா எடுத்தமைக்கு எதிர்ப்பாகவே இவ்வெரிப்பு நிகழ்ந்தது. பங்க் ஒரு காட்சிப்பொருளாகச் சுருங்கிவிட்டது என்பது அவருடைய குற்றச்சாட்டு.

1970களின் நடுவில் நியூயார்க்கிலும் இலண்டனிலும் உருப்பெற்ற, குறுகிய, விரைவான, கரடுமுரடான ராக் இசையையும் அதனோடு சேர்ந்த உடைக்கோலத்தையும் பங்க் என்னும் சொல் குறிக்கிறது. அது முதலில் தூய எதிர்ப்பாக இருந்து பின்னர் வணிகத்தால் விழுங்கப்பட்டது என்பது பரவலாக வழங்கும் வரலாறு. ஆடையைப் பொறுத்தவரை இவ்வரலாறு சான்றுகளோடு பொருந்தவில்லை. இயக்கத்தின் நீடித்த விளைவை உடைக்கோலத்தில் தேடுவதைவிட, இசைத்தட்டு உருவாக்கப்பட்ட முறையில் தேடுவதே பொருத்தமானது என்பது இக்கட்டுரையின் கருத்தாகும்.

கடையில் பிறந்த கோலம்

இலண்டன், கிங்ஸ் ரோடு, 430ஆம் எண்ணுள்ள கடையை மெக்லாரனும் வெஸ்ட்வுட்டும் 1971 முதல் நடத்திவந்தனர். முதலில் 1950களின் பாணி உடைகள் அங்கு விற்கப்பட்டன. கடையின் பெயரும் சரக்கும் சில ஆண்டுகளுக்கு ஒருமுறை மாறின. 1974இல் ‘செக்ஸ்’, 1976இன் இறுதியில் ‘செடிஷனரீஸ்’ என்பன அதன் பெயர்கள். செக்ஸ் பிஸ்டல்ஸ் குழு இக்கடையைச் சுற்றியே உருவானது. அதன் பெயரில் கடையின் பெயரும் அடங்கியிருந்தது. கிழிந்த சட்டையும் குத்தி நிற்கும் தலைமயிரும்கூட இலண்டனில் முளைத்தவை அல்ல. 1975இல் நியூயார்க்கில் தங்கியிருந்த மெக்லாரன், அங்கு ரிச்சர்ட் ஹெல் என்னும் இசைக்கலைஞரின் தோற்றத்தைக் கண்டு அதனைத் தம் ஊருக்குக் கொண்டுவந்தார்.

அக்கடையின் உடைகள் எளிய இளைஞர்களுக்கு எட்டும் விலையில் இல்லை. ஆகவே பலர் ஊக்கு, குப்பைப் பை, பழஞ்சட்டை, வண்ணச்சாயம் ஆகியவற்றைக் கொண்டு தாமே கோலம் புனைந்தனர். கடைச்சரக்கும் கைவேலையும் ஒரே காலத்தில் அருகருகே நின்றன. ஒன்று மற்றொன்றின் சீரழிவு அன்று. உயர்நிலை ஆடையுலகமும் காத்திருக்கவில்லை. பங்க் உச்சத்தில் இருந்த 1977ஆம் ஆண்டிலேயே சான்ட்ரா ரோட்ஸ், வேண்டுமென்றே துளையிட்டு, மணி பதித்த ஊக்குகளால் இணைத்த உயர்விலை உடைகளை வெளியிட்டார்.

துணைப்பண்பாட்டுக் குழுக்களின் உடைக்கோலம் எவ்வாறு விற்பனைப் பொருளாக மாற்றப்படுகிறது என்பதை டிக் ஹெப்டிஜ் 1979இல் வெளியிட்ட நூலில் விளக்கினார். படைப்பையும் வணிகத்தையும் முற்றாகப் பிரித்தல் அரிது என்பதை அவரே அந்நூலில் ஒப்புக்கொள்கிறார். அவரை எடுத்தாளுவோர் பலர் அப்பகுதியைக் கடந்துவிடுகின்றனர்.

அதன்பின் நிகழ்ந்தவற்றை விரித்துரைக்கத் தேவையில்லை. 1994இல் வெர்சாச்சேயின் பொன்னிற ஊக்குகள் கொண்ட கறுப்பு உடை புகழ்பெற்றது. வெஸ்ட்வுட் 2006இல் ‘டேம்’ பட்டம் பெற்றார். 2013இல் நியூயார்க்கின் மெட்ரோபாலிட்டன் அருங்காட்சியகம் பங்க் ஆடைக் கண்காட்சி நடத்தியபோது, அந்நகரின் சிபிஜிபி இசைக்கூடத்தின் அழுக்கடைந்த கழிப்பறையும் மறுபடைப்பாக அங்கு இடம்பெற்றது. மறைக்கக் கூடாத மற்றொன்றும் உண்டு: அதிர்ச்சியூட்டும் நோக்கில் நாஜிகளின் சுவஸ்திகா அக்கடையின் சட்டைகளில் அச்சிடப்பட்டு விற்கப்பட்டது. பின்னாளைய கொண்டாட்டங்களில் இது பெரிதும் பேசப்படுவதில்லை.

ஐந்நூறு பவுண்டும் நான்கு பாடல்களும்

இசையில் நிலைமை வேறு. செக்ஸ் பிஸ்டல்ஸ், தி கிளாஷ் போன்ற பெயர்பெற்ற குழுக்கள் பெருநிறுவனங்களுடனேயே ஒப்பந்தம் செய்தன. திருப்பம் மான்செஸ்டரில் நிகழ்ந்தது. 1976 டிசம்பர் 28 அன்று பஸ்காக்ஸ் குழுவினர் நான்கு பாடல்களை ஒரே நாளில் பதிவு செய்தனர். உறவினரிடமும் நண்பரிடமும் கடனாகப் பெற்ற ஏறத்தாழ 500 பவுண்டே முதல். ‘ஸ்பைரல் ஸ்கிராட்ச்’ என்னும் அவ்விசைத்தட்டைத் தம் சொந்தப் பெயர்ச்சீட்டில் 1977 சனவரியில் 1000 படிகளாக வெளியிட்டனர். காலப்போக்கில் 16,000 படிகள் விற்றன.

சிறு இசைத்தட்டு நிறுவனங்கள் முன்னரும் இருந்தன. இங்குப் புதுமை, செய்முறையை வெளிப்படையாக்கியதில் உள்ளது. ஒவ்வொரு பாடலும் எத்தனையாவது முயற்சியில் பதிவானது என்பதை உறையிலேயே பஸ்காக்ஸ் அச்சிட்டது. டெஸ்பரேட் பைசிக்கிள்ஸ் குழு, தன் முதல் இசைத்தட்டுக்கு 153 பவுண்டு செலவானதை அடுத்த தட்டின் உறையில் தெரிவித்தது. ஸ்கிரிட்டி பொலிட்டி குழு 1978இல் வெளியிட்ட முதல் தட்டின் உறையில் பதிவு, அச்சு முதலிய செலவுகளை இனவாரியாகப் பட்டியலிட்டது. இசைத்தட்டின் உறை வரவுசெலவுக் கணக்கேடாக மாறிய இந்நிகழ்வு, கேட்பவரைச் செய்பவராக மாற்றும் அழைப்பாகும். வங்கி எழுத்தராக இருந்த மார்க் பெர்ரி 1976இல் தொடங்கிய ‘ஸ்னிஃபின் குளூ’ போன்ற ஒளிநகல் சிற்றிதழ்களும் இதே பணியைச் செய்தன. (மூன்று கிட்டார் சுரக்கூட்டுகளை வரைந்து, இனிக் குழு தொடங்கலாம் என்று கூறிய புகழ்பெற்ற பக்கம் இவ்விதழில் வந்ததாகப் பலரும் எழுதுகின்றனர். அது வந்தது ‘சைட்பர்ன்ஸ்’ என்னும் மற்றோர் இதழில்.)

இத்தட்டுகளை விற்க ரஃப் டிரேட் போன்ற கடைகள் இருந்தன. 1976இல் கடையாகத் தொடங்கிய ரஃப் டிரேட் 1978இல் வெளியீட்டு நிறுவனமாகவும் ஆனது. வாஷிங்டனில் 1980இல் தோன்றிய டிஸ்கார்ட் நிறுவனமும் இவ்வழியில் வந்ததே. முறையைக் கண்டவர்கள் அதில் நிலைத்திருந்தார்கள் என்பதற்கில்லை: பஸ்காக்ஸ் குழு 1977க்குள்ளாகவே பெருநிறுவனம் ஒன்றில் சேர்ந்தது, ரஃப் டிரேட் விநியோக அமைப்பு 1991இல் கடன்சுமையால் சரிந்தது. ஆயினும் முறை பிறர் கைகளில் தொடர்ந்தது.

ஓர் ஈழத்தமிழ்க் கண்ணி

இலண்டனில் 1975இல் பிறந்து, யாழ்ப்பாணத்தில் வளர்ந்து, போரின் காரணமாக மீண்டும் இலண்டனில் ஏதிலியாகக் குடியேறிய மாதங்கி அருள்பிரகாசம் இத்தொடர்ச்சிக்குத் தக்க சான்று. ‘மாயா’ எனவும் எம்.ஐ.ஏ. எனவும் அறியப்படும் இவர் முறையான இசைக்கல்வி பெற்றவர் அல்லர், பயின்றது திரைக்கலை. பங்க் மரபில் வந்த எலாஸ்டிகா குழுவின் 2000ஆம் ஆண்டு இசைத்தொகுப்புக்கு உறை வடிவமைத்தார். அக்குழுவின் பாடகி ஜஸ்டின் ஃபிரிஷ்மனின் தோழமையில், ரோலண்ட் எம்சி-505 என்னும் தாளக்கருவியையும் பழைய நான்குதடப் பதிவுக்கருவி ஒன்றையும் கொண்டு வீட்டிலேயே முதற்பாடல்களை அமைத்தார். அவற்றுள் ‘கலாங்’ 2003இல் சிறு நிறுவனம் ஒன்றால் 500 படிகள் மட்டும் அச்சிடப்பட்டது.

ஊக்கோ கிழிசலோ இங்கு இல்லை, செய்முறை உண்டு. கருத்துத் தொடர்ச்சியும் உண்டு. இனவெறிக்கு எதிராக 1978 ஏப்ரல் 30 அன்று இலண்டன் விக்டோரியா பூங்காவில் நடந்த பெருவிழாவில் பாடிய தி கிளாஷ், 1982இல் ‘ஸ்ட்ரெய்ட் டு ஹெல்’ என்னும் பாடலில் குடியேறிகள் புறக்கணிக்கப்படுவதைப் பாடியது. குடியேறிகளைப் பற்றிய மேற்குலகின் அச்சத்தை எள்ளி நகையாடும் எம்.ஐ.ஏ.வின் ‘பேப்பர் பிளேன்ஸ்’ 2007இல் அப்பாடலின் இசைத்துணுக்கின் மீதே கட்டப்பட்டது. அதன் ஆக்கியோர் பட்டியலில் தி கிளாஷ் குழுவினர் நால்வரின் பெயர்களும் மாதங்கி அருள்பிரகாசத்தின் பெயரும் சேர்ந்தே இடம்பெற்றுள்ளன.