முழுகாமல் இருத்தலும் வெள்ளைப்படுதலும்: இரு சொற்களின் வரலாறு

வெள்ளைப்படுதல் கருவுற்றதன் அறிகுறியா என்னும் வினா பல பெண்களின் மனத்தில் எழுவது. வாய்விட்டுக் கேட்கப்படுவதோ அரிது. மருத்துவம் தரும் விடை சுருக்கமானது: அதைக் கொண்டு மட்டும் கருவை உறுதிசெய்யவும் இயலாது, மறுக்கவும் இயலாது. இதில் நம் மொழி எங்கே தெளிவாக இருந்தது, எங்கே தடுமாறியது என்பதே இப்பதிவின் பொருள்.

கருவுற்றவளைத் தமிழில் 'முழுகாமல் இருக்கிறாள்' என்கிறோம். மாதவிலக்கு முடிந்து தலைமுழுகும் வழக்கத்திலிருந்து பிறந்த தொடர் இது. முழுகவில்லை என்றால் விலக்கு வரவில்லை. விலக்கு வரவில்லை என்றால் கரு தங்கியிருக்கலாம். இங்கே திருவனந்தபுரத்தில் வழங்கும் மலையாளத்திலும் அதே சிந்தனை 'குளி தெற்றி', அதாவது குளி தவறிவிட்டது, என்னும் வடிவில் உள்ளது. 'நாள் தள்ளிப்போயிருக்கிறது' என்பதும் இதே கணக்குத்தான். பேச்சுமொழி கருவின் அடையாளமாகக் கொண்டது ஒன்றின் வருகையை அன்று, ஒன்றின் வராமையை.

சுசுருத சங்கிதையும் இதே திசையில் செல்கிறது. அதன் சாரீரத்தானம், கரு தங்கியவுடன் தோன்றும் குறிகளாகச் சோர்வு, தாகம், தொடைத்தளர்ச்சி, சுக்கில சுரோணிதங்கள் வெளிப்படாது நிற்றல் முதலியவற்றைக் கூறுகிறது. அங்கும் குறி என்பது ஒழுக்கு அன்று, ஒழுக்கு நிற்பதே.

தடுமாற்றம் மற்றொரு சொல்லில் நேர்ந்தது. 'வெள்ளை' என்பது நிறத்தை மட்டுமே சொல்கிறது, காரணத்தைச் சொல்வதில்லை. இயல்பான கசிவும் தொற்றினால் வரும் ஒழுக்கும் அப்பெயருக்குள் ஒன்றாக அடங்கின. 'வெட்டை' என்னும் சொல்லோ உடற்சூட்டையும் வெள்ளைப்படுதலையும் பால்வினை நோயையும் ஒருசேரக் குறித்தது. மலையாளத்தில் 'வெள்ளபோக்கு' என்பதோடு 'அஸ்தியுருக்கம்' என்னும் பெயரும் உண்டு. எலும்பு உருகி வழிகிறது என்பது அதன் பொருள். பெயரே அச்சத்தைக் கற்பிக்கும்போது, நலமுள்ள பெண் தன் உடல் கரைவதாக வருந்துகிறாள். நோயுற்றவளோ, பால்வினை நோயின் பழிக்கு அஞ்சி வாய் திறவாதிருக்கிறாள்.

அவ்வச்சத்தைச் சொல்ல ஒரு பெண் மருத்துவர் வேண்டியிருந்தது. லண்டனில் மருத்துவப் பட்டம் பெற்ற மேரி புன்னன் லூக்கோஸ் 1916இல் திருவிதாங்கூருக்குத் திரும்பி, திருவனந்தபுரம் தைக்காட்டிலுள்ள பெண்கள் மருத்துவமனையில் மகப்பேற்றுப் பிரிவின் பொறுப்பை ஏற்றார். 1938இல் சமஸ்தானத்தின் சர்ஜன் ஜெனரல் ஆனார். ஆயினும் இந்தியாவெங்கும் அத்தகைய வாய்ப்பு எட்டியதா? மகாராஷ்டிரத்துக் கட்சிரோலியில் ராணி பங், அபய் பங் இருவரும் இரண்டு சிற்றூர்களின் 650 பெண்களைப் பரிசோதித்து 1989இல் 'லான்செட்' இதழில் வெளியிட்ட ஆய்வு வேறு விடை தந்தது. 92 விழுக்காட்டினருக்கு மகளிர் நோயோ பால்வினை நோயோ இருந்தது. அதற்குமுன் உள்பரிசோதனை செய்துகொண்டவர்கள் 8 விழுக்காட்டினரே.

கருவை அறியும் முறையோ வேறு வழியில் வளர்ந்தது. 1920களின் இறுதியில் பெர்லினில் ஆஷ்ஹைம், சோண்டெக் இருவரும் பெண்ணின் சிறுநீரை இளம் பெண் எலிகளுக்குச் செலுத்தி, அவற்றின் சூலகத்தில் நேரும் மாற்றத்தைக் கொண்டு கருவை அறிந்தனர். அவர்கள் தேடியது இன்று ஹெச்சிஜி எனப்படும் ஹார்மோன். இன்றைய சோதனைப் பட்டையும் அதையே தேடுகிறது. தேசிய சுகாதாரத் திட்டத்தின்கீழ் ஆஷா பணியாளர் வழியாகவும் 'நிஷ்சய்' என்னும் சோதனைப் பெட்டி கிடைக்கிறது.

இனி உடலியல். முட்டை வெளிப்படும் நாள்களில் கருப்பைவாய்ச் சளி தெளிந்து, கோழிமுட்டையின் வெண்கருபோல் இழுபடும், பின்னர்க் கெட்டிப்படும். கருவுற்றபின் கசிவு மிகுவதுண்டு. ஆனால் மாதவிலக்குக்கு முந்தைய நாள்களிலும் கசிவு இருக்கும். பார்வையால் இரண்டையும் பிரித்தறிய வழியில்லை. எனவேதான் அது சான்றாகாது.

நாள் தள்ளிப்போனால் சிறுநீர்ச் சோதனை செய்க. விடை 'இல்லை' என்று வந்தும் விலக்கு வராவிட்டால், ஒரு வாரம் கழித்து மறுமுறை செய்க. அரிப்பு, எரிச்சல், துர்நாற்றம், தயிர்த்திரள் போன்ற தோற்றம், மஞ்சள் அல்லது பச்சை நிறம், அடிவயிற்று வலி, காய்ச்சல் ஆகியவற்றில் எது இருப்பினும் மருத்துவரை நாடுக. கருவுற்ற நிலையில் இரத்தம் கலந்து வந்தாலோ நீர்போல் ஒழுகினாலோ, தாமதம் கூடாது.

'முழுகாமல் இருக்கிறாள்' என்று துல்லியமாகக் கூறத் தெரிந்த மொழி, எது இயல்பு, எது நோய் என்பதற்குத் தனித்தனிச் சொற்களைத் தராமல் விட்டது. அவற்றை வீட்டிலும் வகுப்பறையிலும் கூச்சமின்றி உருவாக்கித் தருவது நம் தலைமுறையின் கடன்.