கீசர் அடிக்கடி ஆஃப் ஆகுதா? எது ட்ரிப் ஆகுதுன்னு முதல்ல பாருங்க!

ராசிபுரம் மாதிரி போர்வெல் உப்புத் தண்ணீரைப் பயன்படுத்தும் ஊர்களில் கீசர் பாதியில் நின்றுபோவது வழக்கமான தொல்லை. காரணத்தை எப்படிக் கண்டுபிடிப்பது?

விளக்கு மட்டும் அணைந்தால்: தண்ணீர் சூடானதும் தெர்மோஸ்டாட் ஆஃப் செய்வது இயல்பு. பயப்பட வேண்டாம்.

தண்ணீர் ஆறியும் ஆன் ஆகலையா? காயிலில் உப்பு படிந்தால் சூடு தண்ணீருக்குப் போகாமல் காயிலிலேயே தங்கும். உடனே பாதுகாப்பு கட்-அவுட் மின்சாரத்தை நிறுத்திவிடும். ரீசெட் செய்தாலும் மறுபடி நிற்கும்; காயிலைச் சுத்தம் செய்வதுதான் தீர்வு.

எம்.சி.பி. விழுந்தால்: 2 கிலோவாட் கீசர் சுமார் 9 ஆம்பியர் இழுக்கும். 16 ஆம்பியர் பிளக்கும் தனி லைனும் தேவை. பிளக் கருகியிருக்கிறதா எனப் பாருங்கள்.

ஆர்.சி.சி.பி. விழுந்தால் உஷார்! வீடுகளில் இருப்பது பெரும்பாலும் 30 மில்லி ஆம்பியர் கசிவுக்கே விழும் வகை. காயில் வெடித்து, தண்ணீரில் கரண்ட் கசியலாம். திரும்பத் திரும்பத் தூக்கிவிடாதீங்க; அதை பைபாஸ் செய்து குளிப்பது உயிருக்கே ஆபத்து. கீசரை ஆஃப் செய்துவிட்டு எலக்ட்ரீஷியனைக் கூப்பிடுங்க. எர்த் சரியா இருக்கான்னும் பார்க்கச் சொல்லுங்க.